பாட்டை எடுத்துக் கொடுக்கிறவன்

என் அன்பு எபிக்கு,

உன் தங்கைக்கு வெள்ளிக்கிழமை விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். மூத்தவன் தொட்டில் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப பேசும், பாட்டி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் அரக்கோணத்தில் இன்னும் ஒரு மாதமாவது இருந்தால்தான் இவள் எழுந்து நடமாடுவாள். உன் கடிதம் நேற்று வந்தது. நம் சபையில் புதிதாக ஆரம்பிக்கப்போகிற ஆராதனைக் குழுவை நீதான் நடத்த வேண்டும் என்று போதகர் ஐயர் கேட்டிருப்பதையும், கமிட்டி முன்னால் நின்று அந்தக் குழுவைப் பற்றி உன் தரிசனம் என்ன என்று நீ பேச வேண்டியிருப்பதையும் படித்தேன். "எனக்கு கிட்டார் தெரியும், பாடத் தெரியும். தரிசனம்னா என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. அப்பா இருந்திருந்தா கேட்டிருப்பேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் இவ்வளவு பெரிய பதில் எழுத உட்கார்ந்தேன்.

பாட்டைப் பற்றி என்னிடம் பேசுவது வேடிக்கைதான். என் குரல் என்ன லட்சணம் என்று உனக்கே தெரியும். ஆனால் ஒன்று. நீங்கள் எல்லாரும் சபையில் முன்னால் நின்று எங்களைப் பார்த்துப் பாடியவர்கள். நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் எதிரே பாயில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். முன்னால் நிற்கிறவர்களைப் பற்றி எதிரே இருப்பவளுக்குக் கொஞ்சம் தெரியும். அதுவும் உன் அப்பா விஷயத்தில் நான் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

உன் அப்பாவை நீ தொண்டைக்குள் பேசுகிற மனிதராகத்தான் அறிவாய். உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார், கோபம் வந்தால் விரலைச் சொடுக்குவார். அவர் பாடி நீ கேட்டிருக்கிறாய், ஆனால் நினைவிருக்க வழியில்லை. அப்போது நீ சின்னப் பிள்ளை. எபி, அந்தக் குரலை நான் எப்படி உனக்கு எழுதிக் காட்டுவது? ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பதற்குள் அவர் அந்தச் சுருதியில் போய் நின்றிருப்பார். பண்டிகை நாட்களில் படப்பையிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் அவர் பாட்டைக் கேட்பதற்கென்றே வேற்றுச் சபைக்காரர்கள் வந்து சுவரோரமாக நிற்பார்கள். பாடகர் குழுவில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் அவர் குரலின் நிழலில் நின்றவர்கள். எங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் கீர்த்தனையை ஆரம்பித்தால் சபை முழுக்க வாயை மூடிக்கொள்ளும். கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அப்போது அது தவறென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. என் புருஷனை ஊரே கேட்கிறது என்று எனக்குப் பெருமை.

அவருக்குப் பிழைப்பும் அந்தக் குரல்தான். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் நிற்பதற்கு முன்பே அவர் சொல்லும் ஊர்ப் பெயர் ரோட்டோர டீக்கடை வரைக்கும் கேட்கும். அப்படியிருந்தவருக்கு ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டியது. கஷாயம் குடித்தார், மாத்திரை போட்டார், சரியாகவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. "உயிருக்கு இனி பயமில்லைம்மா. பேச்சு மட்டும் இப்படித்தான் காத்து மாதிரி வரும்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். உன் அப்பாவிடம் நான் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தபடி நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். அவர் இல்லாமல் பாடகர் குழு பாடிய முதல் பாட்டு அது. தாசன் என்று ஒருவர் இருந்தார், நல்ல குரல், அவர்தான் ஆரம்பித்தார். பதற்றத்தில் மேலே எடுத்துவிட்டார். இரண்டாவது சரணத்தில் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பிறகு தாசனும் நின்றுவிட்டார். சபையில் யாருக்கும் அந்தப் பாட்டைத் தூக்கிப் பிடிக்கத் தெரியவில்லை. ஐயர் சட்டென்று எழுந்து ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடிய நேரத்தில் உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். கிணற்றடியில் நின்றிருந்தார். "இன்னிமே நான் அங்க வரமாட்டேன். நீ புள்ளைய இட்டுக்கினு போ" என்றார். அந்தக் காற்றுக் குரலில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். நான் அழவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. வற்புறுத்தியிருந்தால் அவர் திரும்பியே வந்திருக்க மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் ஏறுவதானால் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். விசிலை மட்டும் நம்பி ஏறினார். முதல் நாளே சண்டை. ஒரகடத்தில் இறங்க வேண்டிய பெரியவர் ஒருவர் தூங்கிவிட்டார். இவர் சொன்னது பக்கத்து சீட்டுக்கே கேட்கவில்லை. பஸ் ரொம்ப தூரம் போன பிறகு அவர் விழித்துக்கொண்டு, "இன்னாய்யா, வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினுகீற? ஒரகடம் வந்தா ஒரு கொரல் குடுக்க மாட்டியா?" என்று சட்டையைப் பிடிக்க வந்துவிட்டாராம். இவர் கழுத்துத் தையலைக் காட்டியிருக்கிறார். பெரியவர் பேசாமல் இறங்கி வந்த வழியே நடந்தே போனாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "அந்த ஆளு திட்டிக்கினே போயிருந்தாக்கூடப் பரவால்ல" என்றார்.

அடுத்த மாதம் அவர் தையலை டாக்டரிடம் காட்ட தாம்பரம் வழியாகப் பட்டணம் போக வேண்டியிருந்தது. அவர் பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். நீ என் மடியில். அன்று நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். படப்பைக்குக் கீரை கொண்டுபோகும் பட்டம்மாள் என்று ஓர் அம்மா, டிரைவருக்குப் பின்னால் கூடையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரகடம் கூட்ரோடு நெருங்கியதும் உன் அப்பா விசிலை ஊதினார். உடனே அந்த அம்மா பஸ்ஸே அதிரக் கத்தினாள்: "ஒரகடம் கூட்ரோட்டெல்லாம் எறங்கு! தூங்காத, எறங்கு!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னைப் பார்த்து, "இன்னாம்மா பாக்குற? கண்டக்டருக்குத் தொண்ட போயிடுச்சி. அவரு விசில் ஊதுவாரு, ஊர நாங்க சொல்லுவோம்" என்றாள். அவள் யார் மனைவியிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாள். படப்பையில் அவள் இறங்கிய பிறகு பின்னாலிருந்த பையன்கள், கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள், அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் ஊரைச் சொல்ல, இன்னொருவன் "பின்னாடி எடம் கீது, உள்ள போங்க" என்று கூட்டத்தைத் தள்ளினான். உன் அப்பா நடுவில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யார் எங்கே இறங்குவார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார். குரல் இருந்த காலத்தில் அவர் டிக்கெட்டைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதோடு சொன்னார்: "இவங்க அல்லாருக்கும் எல்லா ஊரும் தெரியும். இத்தினி வருசமா நான் கத்திக்கினு இருந்ததால வாயத் தொறக்கல." என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் எல்லாரும் நெருங்கி வர வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அவர் பேச, அவர்கள் தள்ளி நின்று தலையாட்டுவார்கள். அன்று தலையோடு தலை முட்டுகிற மாதிரி நின்றார்கள். சலோமியைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டை நீ எடுத்துக் கொடு என்றார். நம் சலோமி அக்காதான், இப்போது தலை நரைத்து முன் வரிசையில் உட்கார்கிறார்களே, அவர்கள்தான். அப்போது புருஷனை இழந்து, அரிசி மில்லில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் நிமிர்ந்து பேச மாட்டாள். "ஐயோ அண்ணே, எனக்கு ஒதறுது. நான் பின்னாடி நின்னு பாடுறேனே" என்றாள். அவர், "நீ ஆரம்பி. தப்பாப் போனா நான் கையக் காட்டறேன். நீ மட்டும் நிக்காத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ரொம்பக் கீழே எடுத்தாள். முணுமுணுப்பு மாதிரி இருந்தது. உன் அப்பா குழுவுக்கு நேராக நிற்காமல் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். கையை மெல்ல உயர்த்தினார், குழந்தையைத் தூக்குகிற மாதிரி. முதலில் ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் பாடினார்கள். பிறகு என் பக்கத்திலிருந்தவள். தாழ்வாக எடுத்த பாட்டு என்பதால் எல்லாருக்கும் எட்டியது. நான் தலையைக் குனிந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சரி, பேசாமல் இரு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கையை இன்னும் மேலே தூக்கினார். நான் பாடினேன், எபி. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என் குரலை அன்றுதான் கேட்டார். நன்றாக இருந்திருக்காது. அவர் கண் கலங்கியதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. தாசனுக்கு அது பிடிக்கவில்லை. ஆளுக்கொரு பாட்டு, தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே இடம் என்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். உன் அப்பா அவர் வீட்டுக்குப் போனார். "கொரலே இல்லாத நீ எனக்கு இன்னாத்தக் கத்துக் குடுக்கப்போற?" என்று வாசலிலேயே வைத்துக் கேட்டுவிட்டார் தாசன். அப்பா திரும்பி வந்துவிட்டார். தாசன் தாம்பரத்தில் வேறொரு சபைக்குப் போய், அங்கே பெரிய பாடகராகத்தான் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா இறந்தபோது வந்து கடைசிவரை நின்றார். ஆனால் நம் சபைக்குத் திரும்பவில்லை. நீ எவ்வளவு சரியாக நடந்தாலும் ஒரு தாசன் உன்னைவிட்டுப் போவான். போகட்டும். வீட்டுக்கு ஒரு தடவையாவது போய்க் கூப்பிடு. வராவிட்டால் அவனைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதே. உன் அப்பா வாசலில் கேட்ட அந்த வார்த்தையை என்னிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் பல வருஷம் கழித்து.

இப்போது உன் குழுவுக்கு வருகிறேன். உன்னிடம் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். நீயும்தான். பயிற்சிக்கு வராதவன் பாடக் கூடாது என்று ஒரு சட்டம் போடலாமா என்று எழுதியிருக்கிறாய். போட்டால் வேலையில்லாதவன் மட்டும்தான் மிஞ்சுவான். நைட் ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வருகிற ஒருவன் தூங்கப் போகாமல் சபைக்கு வந்து நிற்கிறானே, அவன் தப்பாகப் பாடினாலும் நான் அவனைப் பார்த்துத்தான் பாடுவேன். பயிற்சி வேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. உன் அப்பா வராதவர்கள் வீட்டுக்கே போய், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளைக்கூட விடாமல், பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். அது கொஞ்சம் அலைச்சல். அதற்கு மனமில்லாவிட்டால் இந்தப் பொறுப்பை நீ ஏற்காமலிருப்பதே நல்லது.

கீபோர்டு வாங்கப் போகிறீர்கள், பெரிய ஸ்பீக்கர் வைக்கப் போகிறீர்கள் என்று சபையில் வயசானவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நீ பயப்படாதே. புதுப் பாட்டும் வேண்டும். எங்கள் காலத்தில் ஆர்மோனியத்துக்கே சண்டை போட்டவர்கள் உண்டு. என் குறை வேறு. வாடகைக்கு ஸ்பீக்கர் எடுத்துப் போட்டுப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பாடுவது எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் பாடுகிறாளா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். என் மாதிரி எத்தனை பேர் நிறுத்தினார்கள் என்று நீ பார்க்கவில்லை, ஏனென்றால் நீ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாய். உனக்கு அது பக்தி. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக ஜெபிக்கும்போது மூடிக்கொள். எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாமா? தரிசனம் என்றால் ஏதோ பெரிய வார்த்தை என்று நீ மிரள்கிறாய். எனக்குத் தெரிந்து அதற்குப் பார்ப்பது என்றுதான் அர்த்தம். முன்னால் நிற்கும்போது நீ யாரைப் பார்க்கிறாய்? கமிட்டி கேட்பது அதுதான், அவர்களுக்கே அது தெரியாவிட்டாலும்.

இதற்கு உனக்கு அப்பா வேண்டியதில்லை, நானும் வேண்டியதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் குண்டு வெடித்து, ஸ்ரீபெரும்புதூரின் பெயரை உலகமெல்லாம் ரேடியோவில் சொன்னார்களே, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். பஸ் சரியாக ஓடவில்லை. ரோட்டில் எங்கே பார்த்தாலும் போலீஸ். யாருக்கும் வெளியே வரப் பயம். சபையில் ஒரு பாய் நிறையக்கூட ஆளில்லை. நீங்கள் துள்ளலாக ஒரு புதுப் பாட்டைத் தயார் பண்ணி வைத்திருந்தீர்கள். ஐயர் இன்னும் வரவில்லை. அப்போது ரோட்டு முனையில் காவலுக்கு நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தார். தென் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. "தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்களேன். காலையில இருந்து நிக்கேன்" என்றார். நீதான் போய்ச் சொம்பில் கொடுத்தாய். குடித்துவிட்டு, "இப்படிச் செத்த நேரம் இருந்துக்கிடலாமா?" என்று கேட்டார். நீ உள்ளே கூட்டி வந்து கடைசியில் உட்கார வைத்தாய். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ முன்னால் வந்து கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்தாய். உன் கூட இருந்தவன், "இன்னாடா, பாடலையா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அந்தத் துள்ளல் பாட்டை நீ எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரே ஒரு வரிப் பாட்டை, ரொம்ப மெதுவாக எடுத்தாய். பாடிவிட்டு நிறுத்தினாய். திரும்ப அதே வரி. கண்ணை மூடவில்லை. கூரையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் வாய் அசைகிறவரைக்கும் நீ வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாய். நாங்களும் உன்னோடு குறைத்தோம். ஏன் என்று தெரியாமல் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பாடிக்கொண்டிருந்தார். வார்த்தை சரியாக வரவில்லை. முகமெல்லாம் கண்ணீர். துடைக்கக்கூட இல்லை. அந்த வாரத்தில் அவர் என்ன பார்த்தாரோ, யாரை இழந்தாரோ, நாம் கேட்கவில்லை. வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். உன்னைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார், மேலதிகாரிக்கு வைக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று. நீ கூச்சப்பட்டுக் கையைக் கூப்பினாய். அவர் போய்விட்டார்.

உன் அப்பா பத்து வருஷம் கையைத் தூக்கித் தூக்கிக் கற்றுக்கொண்டதை நீ அன்று யாரும் சொல்லித் தராமல் செய்தாய். பிறகு மறந்தும் போயிருப்பாய், ஏனென்றால் அடுத்த வாரம் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாய். கமிட்டி முன்னால் நின்று வேறு எதையும் யோசிக்காதே. பாட்டுத் தெரியாமல் வந்து கடைசியில் உட்கார்ந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல். அவர் பாடும்வரை நீ காத்திருந்ததைச் சொல். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படிக் காத்திருப்பேன் என்று சொல்ல முடிந்தால், அதையும் சொல். முடியாதென்றால் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா